பள்ளிவாசல்துறையில் மூன்றாவது பச்சை

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். புத்தளம் பஸ் நிலையத்தில் நான் முதலில் கண்டது ஒரு கழுதை. கல்பிட்டி பஸ் நிற்கும் இடத்தில் சீமெந்துத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது. யாரும் அதை விரட்டவில்லை. நேரக்காப்பாளர் அதைச் சுற்றிப் போய்த் தன் கூண்டுக்குள் உட்கார்ந்து, முதல் பஸ் ஆறு மணிக்கு என்றார். ஏழு பத்துக்கு வந்தது. நான் வாழும் ஜெர்மானிய நகரத்தில் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் மின்பலகை மன்னிப்புக் கேட்கும். இங்கே கழுதைதான் முதலில் விலகி வழிவிட்டது.

என்னை இங்கே கொண்டுவந்தது நான்கு வரி மின்னஞ்சல். பள்ளிவாசல்துறையில் சிறிய கணினி நிலையம் ஒன்றை நடத்தும் பரீதா என்ற ஆசிரியை எழுதியிருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் வந்த, மென்பொருளைப் புதுப்பிக்கும் ஓர் இற்றைப்படுத்தலால் பரீட்சை நாளன்று அவருடைய பத்துக் கணினிகளும் இயங்கவில்லை. இனி அடுத்த வருடம்தான் பரீட்சை என்று மேலிடத்துக் கடிதம் இப்போது வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கம் கூடி, நிலையத்தைத் தொடர்ந்து அவரிடம் விடுவதா இல்லையா என்று தீர்மானிக்கப் போகிறது. இற்றைப்படுத்தல் எப்படி உருவாகி வெளியே வருகிறது என்பதைத் தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் வந்து பேசினால் உதவியாக இருக்கும். அவ்வளவுதான்.

என்னை அவருக்குத் தெரிந்தது நான் எழுதிய தமிழ்க் கையேடு ஒன்றின் மூலம். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பல குழுக்கள் தத்தம் முறையில் தொகுத்து வெளியிடுகின்றன. அவற்றில் ஒன்றில் பதினொரு வருடங்களாக நான் தொண்டன். அதற்கு முன் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் அச்சுப்பிழை பார்க்கும் ஒப்புநோக்கராகச் சேர்ந்து உதவி ஆசிரியர் வரை போனவன். குழுவில் எவரும் சொந்தப் பெயரில் இல்லை. என் புனைபெயர் ‘ஒப்புநோக்கர்’.

ஒரு மென்பொருள் பொதி வெளியாகும் முறை இதுதான். நிரலில் ஒரு பிழை திருத்தப்படுகிறது. பொதியைப் பராமரிப்பவர் தன் செய்முறைக் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றி அனுப்புகிறார். எங்கோ ஒரு நாட்டில் குளிரூட்டிய அறையில் இருக்கும் பெரிய கணினிகள், ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் அதைத் தனித்தனியாகக் கட்டுகின்றன. கட்டியதற்கு மின்முத்திரை விழுகிறது. ஆனால் அது நேரே மக்களிடம் போவதில்லை. சோதனைக் களஞ்சியத்தில் கிடக்கும். எங்களைப் போன்றவர்கள் நிறுவிப் பார்த்து, சரியென்றால் பச்சை வாக்கும் பிழையென்றால் சிவப்பு வாக்கும் இடுவோம். மூன்று பச்சை விழுந்தால் பொதி தானாகவே எல்லோருக்கும் போய்விடும். விழாவிட்டால் இரண்டு கிழமை காத்திருக்கும்.

பரீதாவின் கணினிகளை நிறுத்திய பொதி, கருனி. கணினியின் உடலுக்கும் மற்ற மென்பொருட்களுக்கும் நடுவே நின்று வேலை வாங்கும் அடிப்பகுதி அது. புதிய கருனியை நிறுவினால் மட்டும் போதாது. கணினியை அணைத்து மீண்டும் தொடக்கினால்தான் அது வேலைக்கு வரும். அது சோதனைக்கு வந்த அன்று நான் அதை நிறுவினேன். முடிந்தது என்று திரை சொன்னது. மறுதொடக்கம் செய்யவில்லை. திரையில் பதினான்கு சன்னல்கள் திறந்து கிடந்தன, மூடச் சோம்பல். பழைய இயந்திரங்களில் ஓட்டிப் பார்ப்பதற்கென்றே மேசைக்குக் கீழே பழைய கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். அதன்மேல் ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது, அதையும் தொடவில்லை. பழைய கருனி ஓடிக்கொண்டிருந்த கணினியின் முன் உட்கார்ந்து புதிய கருனிக்குப் பச்சை வாக்கிட்டேன். ‘சிக்கல் எதுவும் இல்லை’ என்று குறிப்பும் எழுதினேன். அது மூன்றாவது வாக்கு.

நாளிதழில் இருந்தபோது, வாசிக்காத பக்கத்தின் மூலையில் நான் ஒருநாளும் கையெழுத்து வைத்ததில்லை.

பஸ் நிறையத் தலவில தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர்கள். பாய், பானை, மண்ணெண்ணெய் அடுப்பு, கட்டிய கோழி. பாலாவிச் சந்தியைத் தாண்டியதும் உப்பளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. என் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, நான் கடவுச்சீட்டை எடுத்து மறுபடி சட்டைப்பைக்குள் வைத்ததைக் கண்டு, பின்னால் இருந்த மகளிடம் சொன்னார்: “வெளிநாட்டுக்குப் போனவர்கள் இப்போதுதான் திரும்பிப் பார்க்க வருகிறார்கள்.” பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, அவித்த மரவள்ளிக்கிழங்குத் துண்டொன்றை என் மடியில் வைத்தார். உப்பு அதிகம். சாப்பிட்டேன்.

மாம்புரிக்கு அருகே பின்சக்கரம் காற்றுப் போய் பஸ் சரிந்து நின்றது. மாற்றுச் சக்கரமும் காற்றில்லாமல் இருந்தது தெரிந்தபோது நடத்துநர் எவரையும் பார்க்காமல் ஓரமாகப் போய்ச் சிகரெட் பற்றவைத்தார். சாலையோரக் கடையில் பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல், பிளேன்டீ. பாண் அன்று காலை சுட்டது, நடுப்பகுதி இன்னும் சூடாக இருந்தது. ஜெர்மனியில் முப்பது வகைப் பாண் கிடைக்கும், ஒன்றுக்கும் இந்த வாசம் இல்லை. கச்சான் காற்று மணலை அள்ளி வெங்காயத் தோட்டங்களின் மேல் எறிந்தது. பிளேன்டீயின் அடியில் கொஞ்சம் மணல் இருந்தது.

அங்கிருந்து ஓட்டோ. ஓட்டுநர் அன்ரன், முல்லைத்தீவுக்காரர். யுத்தத்துக்குள் பிள்ளைகளோடு வந்து இங்கேயே நின்றுவிட்டவர். கணினி நிலையத்துக்குப் போகவேண்டும் என்றேன்.

“ஆர், கறுத்த திரை டீச்சரிட்டையோ? பாவம் அந்த மனுசி. ஆனா அண்ணை, கொம்பியூட்டர் பழுதாப் போச்செண்டு டீச்சரைப் பேசினா சனத்துக்கு ஒரு ஆறுதல்தானே. வேற ஆரைப் பேசுறது?”

பள்ளிவாசல்துறைக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கையில் ஓட்டோ மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளினோம். வலது சப்பாத்துக்குள் போன மணல் அந்த மூன்று நாளும் முழுதாக வெளியே வரவில்லை.

நிலையம் என்பது மீனவர் சங்கக் கட்டடத்தின் பின்னறை. சுவரோரம் பத்துக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் துணியில் தைத்த உறை. எல்லாமே வெளிநாட்டு அலுவலகமொன்றிலிருந்து கழித்துவிடப்பட்டு நன்கொடையாக வந்தவை. பரீதாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மன்னார்ப் பக்கம் முசலியிலிருந்து வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒன்பது வயதில் வள்ளத்தில் வந்திறங்கியவர். தன்னைப்பற்றி இதற்கு மேல் சொல்லவில்லை. கணினிகளைப்பற்றி ஒரு மணிநேரம் சொன்னார்.

இணையம் இங்கே நூல் போல வரும். ஆகவே ஒவ்வொரு வியாழனும் கல்பிட்டிக்குப் போய் இற்றைப்படுத்தல்களை ஒரு கையடக்கச் சேமிப்பு வட்டில் இறக்கிக்கொண்டு வந்து பத்துக் கணினிகளுக்கும் போடுவார். நோன்பு காலத்திலும் அந்த வியாழனை விட்டதில்லை. பரீட்சைக்கு முந்திய வியாழனும் போட்டார். கடைசிக் கணினிக்குப் போட்டு முடிந்தபோது தென்னை மட்டை ஒன்று மின்கம்பியில் விழுந்து மின்சாரம் போனது. மறுதொடக்கம் செய்து பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை வரை மின்சாரம் வரவில்லை. சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பரீட்சகர் வந்தார். பத்தொன்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். பத்துக் கணினிகளும் கறுத்த திரையோடு நின்றன. புதிய கருனி பழைய இயந்திரங்களில் தொடங்கவில்லை. பழைய கருனியைத் தெரிவுசெய்து தப்பியிருக்கலாம். ஆனால் வட்டுகள் சிறியவை, இடம் மிச்சம் பிடிக்கப் பழையது அழியும்படி அமைத்திருந்தார். பரீட்சகர் பத்தரை வரை இருந்தார். பத்தொன்பது பெயருக்கும் எதிரே ‘தோற்றவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

திருத்திய கருனி ஞாயிறு மாலை வெளியானது. பரீதா அதைக் கல்பிட்டியில் இறக்கிவந்து மீட்பு வட்டு வழியாகப் போட, திங்கட்கிழமை எல்லாக் கணினிகளும் ஓடின.

அன்று மத்தியானம் அங்கேயே சோறு, கணவாய்க் கறி, முருங்கைக்கீரைச் சுண்டல். கணவாய் கடுமையான உறைப்பு. எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்து, வெளிநாட்டு நாக்கு என்று பரீதா சிரித்தார். நான் சொல்ல வந்ததை அந்த நேரத்தில் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் அவர் என்னைக் கருவாடு காயும் வாடிக்கு அழைத்துப் போனார். மாணவிகளில் சிபானா என்ற பெண்ணே வேகமாகத் தட்டச்சுச் செய்பவள். புத்தளத்தில் ஒரு கடை, சான்றிதழ் வந்ததும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. சான்றிதழ் வரவில்லை. போன மாதம் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய உம்மா கட்டா மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தார். கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் படத்தைக் காட்டினார். சமையலறை ஒன்றில், வெள்ளைச் சுவரோடு ஒட்டி நிற்கும் ஒரு பெண். அந்த வீட்டில் ஒரு கணினி இருக்கிறதாம், துடைக்க மட்டும் விடுகிறார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகச் சொன்னார். எனக்கு ஒரு பொதி கருவாடு கட்டித் தந்தார். விமானத்தில் மணக்கும் என்றேன். மணக்கட்டும் என்றார்.

திரும்பும் வழியில் களப்பு ஓரமாக வள்ளங்கள் கவிழ்த்துக் கிடந்தன. மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருந்ததால் ஆண்கள் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பரீதாவைப் பார்த்து, இன்றைக்குத் திரை என்ன நிறம் என்று கேட்டார். உங்கள் மருமகனுடைய முகத்தின் நிறம் என்று பரீதா நடையை நிறுத்தாமல் சொன்னார். பின்னால் சிரிப்பு எழுந்தது.

அந்த இடத்தில் நான் சொன்னேன். மூன்றாவது வாக்கு என்னுடையது. மறுதொடக்கம் செய்யவில்லை. பழைய கணினியின் மேல் இருந்த சப்பாத்துப் பெட்டியைப்பற்றியும் சொன்னேன்.

“தெரியும் சேர். வாக்குல இருந்த பேரும் கையேட்டுட கடைசிப் பக்கத்துல இரிக்கிற பேரும் ஒண்டுதானே. நீங்களாச் சொல்றீங்களா எண்டு பாத்திட்டிருந்தேன்.”

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். பரீட்சை நாளன்று மாலையே என்றார். கல்பிட்டிக்குப் போய், அந்த இற்றைப்படுத்தலின் பக்கத்தைத் திறந்து, யார் யார் வாக்கிட்டார்கள் என்று பார்த்திருக்கிறார். பிறகு மூன்று மாதம் எனக்கு எதுவும் எழுதவில்லை.

“நாளைக்குச் சங்கத்துலயும் இதச் சொல்லுவீங்களா?”

சொல்வேன் என்றேன். அவர் தலையாட்டினார். தவறு எங்கே நடந்தது என்று தெரிந்தால் சங்கம் தன்னை விட்டுவிடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

ஞாயிறு, பின்னேர அஸர் தொழுகை முடிந்த பிறகு கூட்டம். முன்னே பிளாஸ்டிக் கதிரைகளில் பன்னிரண்டு ஆண்கள், பின்வாங்கில் நான்கு பெண்கள். சிபானாவின் உம்மாவும் இருந்தார். சங்கத் தலைவர் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், ஹாஜியார் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தன. நான் முதலில் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

பன்னிரண்டு நிமிடம் பேசினேன். செய்முறைக் கோப்பு, கட்டும் கணினிகள், முத்திரை, சோதனைக் களஞ்சியம், மூன்று பச்சை. பிறகு நான் செய்ததைச் சொன்னேன். ஜெர்மனியில் இப்படியொரு கூட்டத்தில் பாதிப் பேர் கைத்தொலைபேசியைப் பார்த்திருப்பார்கள். இவர்கள் என்னையே பார்த்தார்கள்.

ஹாஜியார் கேட்டார்: “எஞ்சின வள்ளத்துல மாட்டினீங்க. கயித்த இழுக்கல்ல. ஓடுது எண்டு எழுதிட்டீங்க. சரியா தம்பி?”

சரி என்றேன்.

மற்ற இரண்டு பேர் யார் என்று கேட்டார். புதிய கணினிகளில் ஓட்டிப் பார்த்தவர்கள், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது என்றேன். என்னை யாராவது விசாரித்தார்களா என்று கேட்டார். இல்லை. பக்கத்தில் இருந்த மெலிந்த மனிதர், வாக்கைப் பறித்துவிட்டார்களோ என்று கேட்டார். இல்லை, இப்போதும் என்னிடம் இருக்கிறது. நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். எதையும் விடாமல் சொல்லும் பத்திரிகைப் பழக்கம். அதே மாதம் எனக்கு ஒரு பதக்கம் கிடைத்தது என்றேன். நூறு சோதனைகளை முடித்ததற்கு. திரையில் தெரியும் ஒரு படம்தான். அந்த நூறில் இதுவும் ஒன்று.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“தம்பி நல்ல மனுசன். கடல் தாண்டி வந்து உண்மையச் சொல்றாரு. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி. ஒரு மனுசனும் பொறுப்பில்லாத இடத்துல இருந்து சாமான் வருது. அத நம்மட புள்ளைகள்ட பரீட்சைக்கு மாட்டினது யாரு? டீச்சர்.”

அது நியாயமில்லை என்று நான் தொடங்கினேன். பொறுப்பில்லாதவர்கள் அல்ல, விருப்பத்தோடு செய்கிறோம், ஒவ்வொரு வாக்கும் எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகிறது, மறைப்பதற்கு எதுவும் இல்லை. பேசப் பேச ஒவ்வொரு வாக்கியமும் அவர் பக்கமே போய்ச் சேர்ந்தது. மறைப்பதற்கு எதுவும் இல்லாதபடியால்தான் இவ்வளவும் அவருக்குத் தெரிந்தது. எல்லோரிடமும் இருக்கிற மற்ற இயங்குதளத்தின் திருட்டுப் பிரதியைப் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதில் இப்படி நடந்தால் யார் பொறுப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன். நடந்தால் டவுனிலிருந்து கடைக்காரனைக் கூப்பிடுவோம், வராவிட்டால் அவனுடைய கடைக்குப் போவோம் என்றார். எங்களுக்குக் கடை இல்லை.

பரீதா எழுந்தார். கையில் எதையும் வைத்திருக்கவில்லை.

“கரண்ட் வந்த பொறகு வெள்ளிக்கிழம ராவைக்காவது நான் ஓட்டிப் பாத்திரிக்கணும். பாக்கல்ல. அது என்ட பிழ. மூணு பேர் பாத்திட்டாங்க எண்டு நம்பினேன்.”

உட்கார்ந்தார். முன்வரிசையில் யாரோ, வந்தாக்களிடம், இடம்பெயர்ந்து வந்தவர்களிடம், கொடுத்தால் இப்படித்தான் என்று முணுமுணுத்தார். ஹாஜியார் அவரை முறைத்தார். ஆனால் அவர் சொன்னதை மறுக்கவில்லை. அந்த ஊருக்குப் பரீதா வந்து இருபத்தாறு வருடம்.

கை உயர்த்தச் சொன்னார்கள். நிலையத்தை டவுன் கடைக்காரருக்குக் கொடுக்கலாம் என்று ஒன்பது கைகள். பரீதாவிடமே விடலாம் என்று ஐந்து. சிபானாவின் உம்மா இரண்டு தடவையும் கையை உயர்த்தவில்லை. மடியில் கோத்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு வெடிப்புகள் தெரிந்தன. ஒருவர் கூட்டத்தின் நடுவிலேயே தொலைபேசி வந்து வெளியே போனவர், திரும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஹாஜியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். போனேன். நல்ல வட்டிலப்பம், ஏலக்காய் சற்றுத் தூக்கல். ஜெர்மனியில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். கூட்டத்தைப்பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

திரும்பி வந்தபோது பரீதா பின்னறையில் கணினிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். ஒன்று முழுதாக அணைந்து விளக்கு நிற்கும்வரை காத்திருந்து, உறையைப் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போனார். பத்துக்கும் அப்படி. அந்த உறைகளைத் தைத்தவரும் அவர்தான் என்று அப்போதுதான் சொன்னார். உறைகளை விட்டுவிட்டுப் போகிறாரா என்று கேட்டேன். தூசு பிடிக்கும் என்றார். அறைக் கதவைப் பூட்டித் திறப்பைச் சங்க மேசையின் லாச்சிக்குள் வைத்தார்.

நான் வந்ததால் கெட்டுப்போனது என்றேன். அவர் லாச்சியை மூடினார்.

“ஊருக்குப் போனதும் அந்தச் சப்பாத்துப் பெட்டிய எடுத்து வேற எங்கயாவது வைங்க சேர்.”

மூன்றாம் நாளோடு என் வேலை முடிந்தது. திங்கட்கிழமை விடிய அன்ரன் வந்து ஏற்றினார். முடிவு அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இனி அந்த டீச்சரை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றார். இந்த முறை மணலில் புதையவில்லை. தலவில திருவிழா முடிந்து திரும்புகிறவர்களால் பஸ் நிறைந்திருந்தது. மெழுகுவர்த்தி வாசமும் என் கருவாட்டு வாசமும் ஒன்றாகக் கலந்தன. ஒருவர் சன்னலைத் திறந்தார்.

பாலாவிச் சந்தியில் தொலைபேசிக்கு நல்ல இணைப்புக் கிடைத்தது. மூன்று நாள் மின்னஞ்சல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசியாக வந்தது குழுவிடமிருந்து. புதிய கருனி ஒன்று சோதனைக் களஞ்சியத்தில் இருந்தது. இரண்டு பச்சை விழுந்திருந்தன. இன்னும் ஒன்று தேவை.